சாமியறைக்குப் போகுமுன் குளிக்கும் சவர்க்காரத்தில் மாட்டுக் கொழுப்பு: இனி எதை வாங்குவது?

கேள்வி
எழுதியவர்: மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான். அப்படிப்பட்டவர் பதினைந்து வருடமாக ஒரே சவர்க்காரத்தில் குளித்துவிட்டுத்தான் விடியற்காலையில் சாமியறைக் கதவைத் திறக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வாளியோடு குளியலறை வாசலில் காத்திருந்தபோது, செய்ய வேறொன்றும் இல்லாமல் அந்தச் சவர்க்கார உறையை வாசித்தேன். முன்பக்கத்தில் தாமரைப் பூ. பின்பக்கத்தில் முதற்சொல் 'சோடியம் டாலோவேட்'. கைப்பேசியில் தேடினேன். டாலோ என்றால் மாட்டுக் கொழுப்பு, அல்லது ஆட்டுக் கொழுப்பு.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய், சவர்க்காரத்தைப் பொலித்தீன் பையில் போட்டு முடிந்து, பால்கனியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து வெறும் தண்ணீரில் குளிக்கிறார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் காலி வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடையின் பெயர் வேண்டாம். கதவைத் திறந்ததுமே எலுமிச்சைப்புல் வாசம், மங்கலான விளக்கு, குரலைத் தாழ்த்திப் பேசும் விற்பனைப் பெண்கள். 'நூறு வீதம் இயற்கை' என்று எழுதிய சந்தன முகக் கிரீம் ஒன்று 3,800 ரூபாய். மூலையில் ஒரு முயல் படம். "முழுக்க முழுக்க மூலிகை, மிஸ்" என்றாள் அந்தப் பெண். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினேன். தண்ணீர், கிளிசரின், செட்டில் அல்கஹோல், ஸ்டியரிக் அமிலம், பீனொக்சிஎதனோல், வாசனை. அதற்கும் கீழே, கடைசிக்கு முந்திய இடத்தில், சந்தன எண்ணெய்.

திரும்பக் கொடுக்கப் போனேன். உடைத்த பெட்டியை எடுப்பதில்லையாம்.

வீட்டில் மூன்று பேர். சவர்க்காரம், ஷாம்பூ, கிரீம் எல்லாவற்றுக்கும் மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. மிருகக் கொழுப்பு சேராத, முயலை வதைக்காத, காட்டை அழிக்காத, தோலையும் கெடுக்காத பொருள் கொழும்பில் கிடைக்குமா? அந்த முயல் படத்துக்கு உண்மையில் என்ன பொருள்? எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்வதுதான் வழியா? 'உன் அம்மம்மா சீயக்காய் தேய்த்தாள்' என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம். என் அம்மம்மாவும் சவர்க்காரம்தான் போட்டார்.


பதில் 1
தெஹிவளைத் தம்பி

அக்கா, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? உடம்புக்குப் பயற்றம் மா. முகத்துக்குத் தேசிக்காய்ச் சாறும் மஞ்சளும். தலைக்குத் தேங்காய் எண்ணெய். ஆயிரம் ரூபாயில் மாதம் ஓடிவிடும். வாசிக்கத் தெரியாத பெயருள்ள எதையும் உடம்பில் பூசுவதில்லை என்பது என் கொள்கை. சீயக்காயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.


பதில் 2
மணவறை ஒப்பனை, பம்பலப்பிட்டி

தம்பி சொன்னதில் பயற்றம் மாவை வைத்துக்கொள்ளுங்கள், தேசிக்காயைச் சோற்றுக்கு விட்டுவிடுங்கள். போன வருடம் ஒரு மணப்பெண் திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தாள். இரண்டு கன்னத்திலும் விரலால் இழுத்ததுபோல் கபில நிறக் கோடுகள். தேசிக்காயும் மஞ்சளும் பூசி, சரியாகக் கழுவாமல், பிள்ளைகளோடு காலிமுகத்திடலில் பட்டம் விட மத்தியானம் போயிருக்கிறாள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கறுத்துவிடும். விரல் போன வழியெல்லாம் கோடு விழும். திருமணப் படங்களில் அது தெரியாதிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோடுகள் மறைய இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது.

இன்னொன்று. நீங்கள் முயலைப் பற்றிக் கேட்டீர்கள், நல்லது. எங்கள் பெண்கள் முகத்தில் பூசுகிற விஷத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புறக்கோட்டையில் நடைபாதையில் விற்கும் வெளுப்புக் கிரீம்களில், தயாரித்தவர் முகவரியே இல்லாத டப்பாக்கள் பல உண்டு. இப்படியான கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். தோலில் நிறம் ஊறுவதை அது தடுப்பதால் முகம் சில வாரங்களில் வெளுக்கும்; உள்ளே சிறுநீரகம் கெடும். ஓர் அடையாளம் சொல்கிறேன். 'தங்க, வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள்' என்று ஒரு முகக் கிரீமில் எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா? பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.


பதில் 3
பழைய சவர்க்காரக்காரி, கொட்டாஞ்சேனை

பிள்ளை, பதினெட்டு வருடம் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ஓய்வுபெற்ற பிறகும் கைப்பையில் பூதக்கண்ணாடி கிடக்கிறது. அம்மா வெறும் தண்ணீரில் குளிக்கிறார் என்பதால் முதலில் சவர்க்காரக் கதையை முடிக்கிறேன்.

எண்ணெயையோ கொழுப்பையோ கோஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். எதைக் காய்ச்சினார்கள் என்பதைப் பின்பக்கத்துச் சொல் ஒளிக்காமல் சொல்லிவிடும். டாலோவேட் மிருகக் கொழுப்பு. கோகோவேட் தேங்காய் எண்ணெய். பாமேட், பாம் கெர்னலேட் இரண்டும் பாம் எண்ணெய்க் குடும்பம். வாசிக்கத் தெரியாத பெயரைப் பூசமாட்டேன் என்கிற தெஹிவளைத் தம்பி கோகோவேட்டையும் வைத்துவிட்டு வருவார்; அது அவர் தலையில் தேய்க்கும் அதே எண்ணெயில் செய்ததுதான்.

கொழுப்பைப் போடுவது யாருடைய விரதத்தையும் கெடுப்பதற்காக அல்ல. கொழுப்பு கட்டியை இறுக்கும், தேங்காய் எண்ணெய் நுரைக்க வைக்கும். நான்கு பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் என்பது பழைய சவர்க்காரக் கணக்கு. கொழுப்பை விட்டவர்கள் அந்த இடத்தில் வைத்தது பெரும்பாலும் பாம் எண்ணெயை. இங்கேதான் உங்கள் கேள்வியின் ஒரு பாதி மற்றப் பாதியோடு மோதுகிறது. மாட்டை விட்டால் காட்டில் கை வைக்கிறோம். சுமாத்திராவிலும் போர்னியோவிலும் காடு போன கதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போகவேண்டாம். காலி மாவட்டத்து நாக்கியாதெனியாவில் 1968இல் முள்ளுத்தேங்காய், அதாவது பாம் எண்ணெய் மரம், நட்டார்கள். ஊற்று வற்றுகிறது, மண் கெடுகிறது என்று அந்தப் பக்கத்துக் கிராமத்தவர்கள் நெடுநாள் முறையிட்டார்கள். 2021 ஏப்ரலில் அரசு புதிதாக நடுவதைத் தடை செய்தது.

ஆகவே அம்மாவுக்கு நான் சொல்வது, முதற்சொல் கோகோவேட்டாக இருக்கிற சவர்க்காரம், பட்டியலில் பாமேட் இல்லாமல். நுரையை அள்ளிக் கொடுக்கும், ஆனால் தோலை வறட்டும். குளித்து ஈரம் முற்றாகக் காயுமுன் கையிலும் காலிலும் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவச் சொல்லுங்கள். சனிக்கிழமைச் சந்தைகளில் கையால் செய்து விற்கும் இளம் பெண்களிடம் வாங்குவதானால், எத்தனை வாரம் உலர்த்தினீர்கள் என்று கேளுங்கள். காய்ச்சாமல் வார்த்த கட்டிக்கு நான்கு வாரமாவது வேண்டும். 'வாரமா?' என்று திருப்பிக் கேட்டால் வந்துவிடுங்கள். நாங்கள் கூடத்தில் கட்டியைக் கத்தியால் பிளந்து, புதிதாகத் தெரியும் பக்கத்தில் பினோப்தலீன் ஒரு துளி விடுவோம். வெள்ளையாகவே கிடந்தால் சரி. ரோஜா நிறம் ஏறினால் உள்ளே சோடா மிச்சம் இருக்கிறது, அந்தத் தொகுதி வெளியே போகாது. எங்கள் மேற்பார்வையாளர் துளிக்குக் காத்திருக்கமாட்டார். ஈரக் கட்டியில் விரலைத் தேய்த்து நாக்கு நுனியில் வைப்பார். சுரீர் என்று மின்கலத்தைத் தொட்டதுபோல் இருந்தால் முகத்தைச் சுளித்துத் தலையாட்டுவார். பதினெட்டு வருடத்தில் அந்தக் கூடத்தில் நான் முயலைக் கண்டதில்லை. அந்த மனிதரின் நாக்கைத்தான் கண்டேன்.

முயலுக்கு வருகிறேன். 1944இல் டிரெய்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிவைத்த பரிசோதனை முறை அது. முயலின் கண்ணில் பொருளை விட்டு, எவ்வளவு சிவக்கிறது, புண்ணாகிறது என்று நாட்கணக்கில் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சிலிருந்து அப்படிப் பரிசோதித்த அழகுப் பொருட்களின் விற்பனையையே நிறுத்திவிட்டது. இந்தியா 2014இல் பரிசோதனையையும் அப்படிப்பட்டவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. சீனா 2021 வரை இறக்குமதியாகும் சாதாரணக் கிரீமுக்குக்கூட விலங்குப் பரிசோதனை கேட்டது. ஐரோப்பாவில் முயலைத் தொடாத கம்பனிகள் சீனச் சந்தைக்காக அதற்கு உடன்பட்டன. பெட்டியில் யாரும் ஒரு முயலை வரைந்துகொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. அத்தாட்சி அமைப்பின் முயல் என்றால் அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் கம்பனியின் பெயர் இருக்கும். தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொரு குழப்பமும் உண்டு. முயல் படம் பரிசோதனையைப் பற்றியது, கொழுப்பைப் பற்றியது அல்ல. தேன்மெழுகும் ஆட்டு உரோமக் கொழுப்பும் சேர்ந்த உதட்டுக் களிம்புக்கும் முயல் அத்தாட்சி கிடைக்கும். அம்மாவுக்கு வேண்டியது 'வீகன்' அடையாளம், மிருகத்திலிருந்து எடுத்த எதுவும் சேரவில்லை என்பது.

இனி அந்த 3,800 ரூபாய். பட்டியலில் அதிகம் உள்ளது முன்னால் வரும்; ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பீனொக்சிஎதனோல் பழுதாகாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய விதிப்படி அதை ஒரு வீதத்துக்கு மேல் போடக் கூடாது. அந்த அளவை மதித்துச் செய்த கிரீம் என்றால், அதற்குக் கீழே நிற்கும் எதுவும் ஒரு வீதத்தைத் தாண்டாது. உங்கள் சந்தனம் அதற்கும் கீழே, வாசனைக்கும் கீழே நிற்கிறது. நீங்கள் காசு கொடுத்தது தண்ணீருக்கும் கிளிசரினுக்கும் அந்த மங்கலான விளக்குக்கும். கிரீம் கெட்டது என்று சொல்லவில்லை, பூசி முடியுங்கள். 'நூறு வீதம் இயற்கை' என்பதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

பழுதாகாமல் காக்கும் பொருளே வேண்டாம் என்று துள்ளாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில், தண்ணீர் சேர்ந்த கிரீம் அது இல்லாமல் கெட்டுப்போகும். வீட்டுக் கற்றாழைக் கூழைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் நான் மூன்றாம் நாளில் கொட்டிவிடுவேன். பாரபென் என்ற காக்கும் பொருளுக்குப் பயந்து ஐரோப்பாவில் பலர் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற இன்னொன்றுக்கு மாறினார்கள். தோல் ஒவ்வாமை பெருகி, கழுவாமல் விடும் கிரீம்களில் அதை 2017இல் தடை செய்யவேண்டி வந்தது. 'இது இல்லை, அது இல்லை' என்று முன்பக்கத்தில் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக எது இருக்கிறது என்று நான் பின்பக்கத்தில் தேடுவேன்.

மூலிகை என்றாலும் கேள்வி தீராது. வெனிவெல் என்று சிங்களத்தில் சொல்லும் மரமஞ்சள் நம் நாட்டு முகக் கிரீம்களில் நிறைய வருகிறது. அது காட்டுக் கொடி, மெதுவாக வளரும், தண்டை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டி வெட்டி அருகிப்போன தாவரம் அது. பயிரிட்டதா, காட்டில் வெட்டியதா என்று எந்தப் பெட்டியும் எழுதுவதில்லை.

நான் வாங்குவது இவ்வளவுதான்: தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம், செக்கு நல்லெண்ணெய், புறக்கோட்டை கேபோஸ் ஒழுங்கை மருந்துச் சரக்குக் கடைகளில் பூந்திக்கொட்டை, மருந்தகத்தில் வாசனை சேர்க்காத ஒரு சாதாரணக் கிரீம். மூவாயிரத்தைத் தாண்டுவதில்லை. ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் மரக்கறியிலிருந்தா மிருகத்திலிருந்தா என்பதைப் பட்டியல் சொல்லாது. கம்பனிக்கு எழுதித்தான் கேட்கவேண்டும். நான் எட்டுக் கம்பனிகளுக்கு எழுதினேன். மூன்று பதில் எழுதின. அந்த மூன்றின் பொருட்களில் ஒன்றைத்தான் இப்போது பூசுகிறேன்.


பதில் 4
கொம்பனித்தெரு வாசகி

சகோதரி, இந்தக் கவலை எங்கள் வீட்டில் உம்மாவின் காலத்திலிருந்து இருக்கிறது. ஹலால் அடையாளம் போட்டதை வாங்குங்கள் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். அது பன்றிக் கொழுப்பு இல்லை என்பதற்கு உறுதி. முறைப்படி அறுத்த மாட்டின் கொழுப்பு இருக்கலாம். எனக்கு ஆகும், உங்கள் அம்மாவுக்கு ஆகாது. ஆனால் 'வீகன்' என்று போட்டது எங்கள் இருவருக்கும் கொழுப்புத் தொல்லையைத் தீர்க்கும்.

உங்கள் கிரீமில் செட்டில் அல்கஹோல் இருப்பதைப் பார்த்து நானும் ஒருமுறை பயந்திருக்கிறேன். அது மெழுகுபோன்ற ஒரு கொழுப்புப் பொருள், போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உதட்டுச்சாயத்தை யாரும் சொல்லவில்லையே. நல்ல சிவப்பு என்றால் 75470 என்ற எண்ணைத் தேடுங்கள். அது கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம். பெருநாளுக்கு வாங்கிய மூன்றில் இரண்டில் இருந்தது. கண் இமைப் பூச்சின் மினுமினுப்பு 77019, அது மைக்கா. ஜார்க்கண்ட், பீகார் பக்கத்தில் சிறு பிள்ளைகள் மண்ணைத் தோண்டிப் பொறுக்குவதாக எத்தனையோ செய்திகள் வந்துவிட்டன. மிருகம் இல்லை, மூலிகைக் கடையிலும் விற்கிறார்கள், ஆனாலும் எனக்கு அந்த மினுக்கம் பிடிக்காமல் போய்விட்டது. சவர்க்காரக்கார அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும்: நகப்பூச்சுக்கு ஏதாவது வழி உண்டா?


பதில் 5
பழைய சவர்க்காரக்காரி, கொட்டாஞ்சேனை

நகப்பூச்சு எனக்குத் தெரியாத பிரதேசம், மகள். மருதோன்றி இலையை அரைத்து வையுங்கள். ஆனால் பெருநாள் காலத்தில் விற்கும் 'கறுப்பு மருதோன்றி'க் கூம்பை வாங்காதீர்கள். அதில் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பிபிடியைச் சேர்க்கிறார்கள். என் அயல் வீட்டுப் பிள்ளையின் கையில் பூ வரைந்த இடமெல்லாம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளம் ஆறிய பிறகும் பூ தெரிந்தது.


பதில் 6
மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதவேண்டாமா?

பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாக்கில் வைத்துப் பார்க்கும் மேற்பார்வையாளரிடம் வந்ததும், இன்னொரு முறை வாசி என்றார். பிறகு, தானே வந்து பார்த்து வாங்குவதாகச் சொன்னார். அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியோடு பேரங்காடியில் சவர்க்காரத் தட்டின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றோம். ஒவ்வொன்றாகத் திருப்பி, முதற்சொல்லை நான் வாசிக்க, அவர் "டாலோ" அல்லது "பாம்" என்று சொல்லித் திரும்ப வைத்தார். காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தட்டில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பெண்ணிடம் வாங்கினோம். எத்தனை வாரம் என்று கேட்டேன். ஆறு வாரம் என்று சொல்லி, வார்த்த தேதியை உறையில் காட்டினாள். ஒரு கட்டி 350 ரூபாய். தண்ணீரில் ஊறவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும் என்று அவளே சொன்னாள். அம்மா சிரட்டையில் மூன்று ஓட்டை போட்டு அதில் வைத்திருக்கிறார்.

நான் சும்மா இருக்காமல், கோயில் தவிலும் தோல்தானே அம்மா என்று கேட்டுவிட்டேன். "அது கேட்பதற்கு, இது பூசுவதற்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சந்தனக் கிரீமை நான்தான் பூசுகிறேன், கோபம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக. அதன் கம்பனிக்கு ஸ்டியரிக் அமிலத்தைப் பற்றி எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. இதைப் பதிலாகக் கணக்கெடுப்பதா என்று சவர்க்காரக்கார அக்கா சொல்லவேண்டும்.

பால்கனியில் வைத்த பழைய கட்டியை அம்மா எறியவில்லை. கால்மிதியைத் தோய்ப்பதற்கு எடுத்துவைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் தேய்க்கிறார், கட்டி இளைத்ததாகவே தெரியவில்லை.